தக்காளி இலைச்சுருள் வைரஸ் எதிர்ப்புத்திறன்: மரபணு ஆய்வின் வரலாறு

நோயும் வட்டாரமும்

பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள மதனபள்ளி, புங்கனூர், பலமநேர் வட்டாரங்கள் தக்காளிக்குப் பேர்போனவை. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்திலும் இதே பயிர்தான். எந்தப் பருவத்திலும் ஏதாவதொரு வயலில் தக்காளி நிற்பதால், இலைச்சுருள் வைரஸும் அதைப் பரப்பும் வெள்ளை ஈயும் இடைவெளியின்றிப் பெருகுகின்றன. நோய் கண்ட செடியின் கொழுந்திலைகள் சிறுத்து மேல்நோக்கிச் சுருளும். நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பாயும். கணுவிடைகள் குறுகிச் செடி புதர்போல் குட்டையாக நின்றுவிடும். நாற்றுப் பருவத்திலேயே தொற்று ஏற்பட்டால் விளைச்சல் பெரும்பாலும் கிடைக்காது.

இந்தியத் தக்காளியில் இந்நோயை 1948இல் வாசுதேவாவும் சாம்ராஜும் விவரித்தனர். இதற்குக் காரணமான ஜெமினி வைரஸின் மரபுப்பொருள் ஒற்றை இழை டி.என்.ஏ. பூச்சிமருந்து வெள்ளை ஈயைக் குறைத்தாலும், எஞ்சும் சில ஈக்களே நோயைப் பரப்பப் போதும். ஆகவே செடியிலேயே எதிர்ப்பைப் பதிக்கும் வழி தேடப்பட்டது.

காட்டினத்திலிருந்து வயலுக்கு

பயிரிடப்படும் தக்காளியின் மரபணு வளம் குறுகியது. எதிர்ப்புத்திறனுக்குத் தென் அமெரிக்கக் காட்டினங்களையே நாட வேண்டியிருந்தது. ஹரியானாவின் ஹிசாரில் கல்லூவும் பானர்ஜியும் சோலானம் ஹாப்ரோகைட்டிஸ் என்னும் காட்டினத்தின் பி 6013 வகையைப் பயிர்த் தக்காளியுடன் கலந்தனர். எதிர்ப்பின் மரபுவழியை 1987இலும், அதைப் பயிருக்கு மாற்றிய விதத்தை 1990இலும் வெளியிட்டனர். காட்டினத்தின் பழம் சிறியது, பச்சை நிறமானது. அந்தக் குணங்களை நீக்கி எதிர்ப்பை மட்டும் தக்கவைக்க, பயிர் ரகத்துடன் மீண்டும் மீண்டும் கலந்து தெரிவு செய்ய வேண்டியிருந்தது. இவ்வழியில் உருவான எச்-24, ‘ஹிசார் அன்மோல்’ என்ற பெயரில் அறியப்பட்டது. ஹான்சன் குழுவினர் 2000இல் எச்-24இல் புகுந்த காட்டினத் துண்டு 11ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினர். அங்குள்ள ஓங்கு மரபணுவே பின்னர் டிஒய்-2 எனப் பெயர் பெற்றது.

இதற்கு முன்பே, 1994இல், சோலானம் சிலென்சியிலிருந்து வந்த டிஒய்-1 மரபணு 6ஆம் குரோமோசோமில் இடங்காணப்பட்டிருந்தது.

செயல்படும் விதம்

2013இல் டிஒய்-1, டிஒய்-3 என்னும் மற்றோர் எதிர்ப்பு மரபணு ஆகிய இரண்டும் ஒரே மரபணுவின் மாற்றுருக்கள் எனத் தெளிவாயிற்று. அது ஆர்.என்.ஏ. சார்ந்த ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியை உருவாக்குகிறது. இந்நொதி செடியின் மரபணு அடக்க முறையை வலுப்படுத்தி வைரஸ் டி.என்.ஏ.வை முடக்குகிறது. 2018இல் பிரித்தெடுக்கப்பட்ட டிஒய்-2 வேறு வகையைச் சேர்ந்தது: நோய்க்கிருமியை இனங்கண்டு தற்காப்பைத் தூண்டும் புரதத்தை அது உருவாக்குகிறது. இனங்காணும் இலக்கு மாறினால் டிஒய்-2இன் பயன் குறையும். சில ஜெமினி வைரஸ்களுக்கு எதிராக அது வலுவிழப்பது இதனால்தான்.

தென்னிந்தியாவில் பயன்பாடு

1999இல் கோலார்ப் பகுதியில் வெள்ளை ஈயின் பி உயிர்வகை பெருகி, நோய் தீவிரமானது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் முனியப்பா குழுவினர் உருவாக்கிய எதிர்ப்பு வரிசைகள் சங்கராந்தி, நந்தி, வைபவ் என்ற ரகங்களாக வெளிவந்தன. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்ஷக்’ வீரிய ஒட்டு ரகம் இலைச்சுருள், பாக்டீரிய வாடல், முன்கருகல் ஆகிய மூன்றையும் தாங்குகிறது. அதே நிறுவனத்தின் ‘அர்கா அபேத்’ டிஒய்-2, டிஒய்-3 இரண்டையும் கொண்டது. இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களை அடுக்கினால், ஒன்றைக் கடக்கும் வைரஸை மற்றொன்று தடுக்க வாய்ப்புண்டு. மூலக்கூறு அடையாளங்களைக் கொண்டு நாற்றின் ஒரு சிறு இலைத்துண்டிலேயே இரு மரபணுக்களையும் சரிபார்க்க முடிவதால் தெரிவு எளிதாகிறது.

ஆயினும் டிஒய் மரபணுக்கள் ஜெமினி வைரஸ்களுக்கு மட்டுமே உரியவை. தக்காளியைத் தாக்கும் மொட்டுக் கருகல் வைரஸ் ஆர்.என்.ஏ. கொண்டது, இலைப்பேனால் பரவுவது. அதற்குத் தனி எதிர்ப்பு மரபணுக்கள் தேவை. இரு நோய்களும் வரும் வயல்களுக்கான ரகத்தில் இருவகை எதிர்ப்பும் ஒருங்கே அமைய வேண்டும்.