யாழ் தோற்ற ஊரும் பள்ளிக்கூடப் பாட்டும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மயிலாடுதுறை பக்கம் ஆதீனம் இருக்கும் தருமபுரம் வேறு, நான் சொல்லப்போகும் தருமபுரம் வேறு. இது காரைக்கால் நகரை ஒட்டியே இருக்கிறது. கோயில் சுவாமியின் பெயரே யாழ்மூரிநாதர்.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இசையை எப்படிச் சொல்லித்தருவது என்று கொஞ்ச காலமாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். புத்தகம் புத்தகமாகப் போய்விட்டுக் கடைசியில் இந்த ஊர்க் கதையில்தான் வந்து நின்றேன்.

கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பாட, கூடவே யாழ் வாசித்துக்கொண்டு போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நம்ம பிள்ளை யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பதிகங்களே ஊரெல்லாம் பரவுகின்றன என்று பேசினார்கள். யாழ்ப்பாணருக்குப் பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடுங்கள் என்று சம்பந்தரிடம் அவரே கேட்கிறார். சம்பந்தர் பாடுகிறார், யாழ் பின்தொடர முடியாமல் நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணர் கருவியை உடைக்க ஓங்க, சம்பந்தர் தடுத்து வாங்கி, முடிந்த அளவு வாசியுங்கள் போதும் என்று திருப்பித் தருகிறார். அந்தப் பதிகம்தான் முதல் திருமுறையின் 136-ஆவது, அதாவது கடைசிப் பதிகம். பண்ணுக்கே யாழ்மூரி என்று பெயர். இன்றைக்கு ஓதுவார்கள் அதை அடாணா ராகத்தில் பாடுகிறார்கள்.

யாழ் ஏன் தோற்றது? பொதுவாகச் சொல்லும் விளக்கம் எனக்கும் சரியாகவே படுகிறது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணை மாதிரி மெட்டுகளின் மேல் கம்பியை இழுத்துச் சுரத்தை வளைக்க அதில் வழியில்லை. குரலுக்கோ இரண்டு சுரங்களுக்கு நடுவிலும் இடம் உண்டு, அங்கே அது அசையும், வழுக்கும், திரும்பி வரும். என் தொழில் பாஷையில், தொடர்ச்சியான ஒன்றைப் படிக்கட்டுகளாக நறுக்கினால் நடுவில் இருந்தது தொலைந்துபோகும்.

இது ஏதோ 7-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. ஹார்மோனியத்தின் மேல் இதே புகாரைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தடைசெய்து வைத்திருந்தது. இன்று பள்ளிக்கு யாராவது இசைக்காக நன்கொடை தருகிறேன் என்றால் வந்து இறங்குவது கீபோர்டு. அதுவும் ஒரு கட்டைக்கு ஒரு சுரம்தான். அதைவிடப் பெரிய சிக்கல், வாசிக்கத் தெரிந்த ஆள் பள்ளியில் இருக்க மாட்டார். கீபோர்டு உறையோடு பீரோவில் இருக்கும்.

ஆள் ஏன் இல்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று 6 முதல் 8 வகுப்பு வரைக்கும்தான் சொல்கிறது, அதுவும் 100 குழந்தைகளுக்கு மேல் இருந்தால். 1 முதல் 5 வரை அப்படி எதுவும் கிடையாது. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் (இசை, ஓவியம், தையல், உடற்கல்வி எல்லாம் சேர்த்து) அது மேல் வகுப்புகளுக்காகத்தான். காது மிகக் கூர்மையாக இருக்கிற வயதில் ஆள் கிடையாது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

ஒப்பிட ஒரு தகவல். காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்தப் பிரான்சு தன் சொந்த நாட்டில் 28 மார்ச் 1882 அன்று கொண்டுவந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே, ஆரம்பப் பள்ளிப் பாடங்களின் பட்டியலில் இசையின் அடிப்படைகளும் உண்டு. அங்கே சாமானியக் குழந்தைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சுரங்களை 1 முதல் 7 வரை எண்களாக எழுதும் முறை ஒன்றும் இருந்தது. அதை 1742-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்தவர் ரூஸோ (ஆமாம், ‘சமூக ஒப்பந்தம்’ எழுதிய அதே ரூஸோதான்). பிறகு கலேன் என்ற கணித வாத்தியாரும் ஷெவே என்ற மருத்துவரும் அதை வளர்த்தார்கள். சீனாவில் இன்றும் எண் போட்டுத்தான் பாட்டு எழுதுகிறார்கள்.

அவர்கள் எண் போட்டுச் சாதித்தது நம்மிடம் ச ரி க ம என்று ஏற்கெனவே இருக்கிறது. ‘ச’ எங்கே வேண்டுமானாலும் நிற்கும், மற்றவை அதற்கேற்ப நகரும். குழந்தைகள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையில் பாடுவார்கள். குழந்தைக் குரலுக்கு நாலு, ஐந்து கட்டையாவது வேண்டும். சார் தன் வசதிக்கு ஒன்றில் ஆரம்பித்தால் பாதிக் குழந்தைகள் அடியில் முனகும், மீதி மேல் ஸ்தாயியில் கத்தும். “இதுங்களுக்குச் சுருதியே இல்ல” என்று ஒரு தீர்ப்பும் வந்துவிடும். சுருதி இருக்கிறது சார், கட்டைதான் தப்பு.

சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் ஆரம்பிக்கும் முறையைப் புரந்தரதாசர் (1484–1564) வகுத்தார் என்பது மரபு. அந்த ராகத்தின் இடைவெளிகளை அரைச் சுரக் கணக்கில் எழுதிப் பார்த்தேன்: 1, 3, 1, 2, 1, 3, 1. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. ப-வுக்குக் கீழே படித்த அதே உருவம் மேலேயும் வருகிறது, ஆக பாதி படித்தால் முழுதும் வந்த மாதிரி. அழகான வடிவமைப்பு. ஆனாலும் 40 குழந்தைகள் உள்ள ஒன்றாம் வகுப்பில் சரளியோடு தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன். அது இன்னொரு வாய்ப்பாடாகிவிடும். பாட்டு முதலில் வரட்டும், சுரங்களின் பெயர் அப்புறம் வரலாம். காரைக்கால் அம்மையார்கூடத் துத்தம், கைக்கிள்ளை, விளரி என்று சுரப் பெயர்களை அடுக்குவது திருவாலங்காட்டுக் காட்டில் பேய்கள் பாடும் காட்சிக்குள்தான், இலக்கணப் பாடமாக இல்லை.

பள்ளியையே ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், வரலாற்றில் இசை வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட ராஜராஜன் 48 பேரை நியமித்தான், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் இருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினருக்கு அந்த இடம். உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால், அவர் தகுதியுள்ள வேறொருவரை நிறுத்த வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. பரம்பரை என்றாலும் பாடத் தெரிய வேண்டும் என்ற அந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வீடுகளில் பிறக்காத குழந்தைக்கு? இன்றைக்கு அந்த இடத்தில் மாதக் கட்டணம் உட்கார்ந்திருக்கிறது. கட்டணம் கட்ட முடியாத மீனவக் குப்பத்துப் பிள்ளைக்கும் வயல்வேலைக்காரர் பிள்ளைக்கும் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றுதான் வாசல்.

அந்த வாசலில் கருவி தேவையில்லை. நான் பார்த்த ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் இசை படித்தவரில்லை. ஃபோனில் தம்பூரா செயலியை ஐந்து கட்டையில் வைத்துவிட்டு, ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஆதிதாளம் போட வைத்தார். பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. எட்டு எண்ணி முடித்ததும் எல்லாக் கையும் ஒன்றாக விழுந்தது. பின்வரிசைப் பையன் ஒருத்தன் மட்டும் ஒன்பதாவதாக ஒன்று போட்டுவிட்டுச் சிரித்தான். டீச்சர் நிறுத்தவில்லை, அடுத்த சுற்றில் அவனே சரியாக வந்து சேர்ந்தான்.

முதல் திருமுறைப் பண்களில் எந்தெந்தப் பதிகங்களின் மெட்டு ஏழு வயதுக் குரலுக்குள் அடங்கும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உள்ள ஓதுவார்களும் டீச்சர்களும் எந்தக் கட்டையில் ஆரம்பித்தீர்கள் என்று எழுதினால் உபயோகமாக இருக்கும்.