ஆடா, புலியா?

வெளிநாட்டுப் பேரன் வீரன், மந்திரவாதி என்று வேடம் தேர்ந்தெடுத்து ஆடுகிறான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டமாம்.

சேத்தியாத்தோப்பில் எங்கள் திண்ணையில் இரண்டே வேடம்தான். கரியால் போட்ட கோடுகள் கூடும் இடம் 23. கூழாங்கல் புலி 3, புளியங்கொட்டை ஆடு 15. பழைய கோயில்களின் கல்தரையிலும் இந்தக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்ட முடியாது. எல்லா ஆடும் இறங்கும்வரை நகரவும் கூடாது. புலியை அடைத்தால்தான் ஜெயிப்பு.

நான் அடம்பிடித்துப் புலியையே எடுப்பேன். அக்கா பேசாமல் ஆடுகளை வைத்து என்னை மூலையில் முடக்குவாள். எட்டாவதோடு அவள் படிப்பை நிறுத்தினார்கள். நான் கல்லூரிக்குப் போனேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆட்டை நான் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொட்டைகளை என் பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் ஐந்து ஆடு காலி.