வர்ஜீனியாவின் பன்ச் குடும்பம்: ஏடுகளும் மரபணுவும்

1640ஆம் ஆண்டு ஜூலை மாதம், வர்ஜீனியாக் குடியேற்றத்தின் பொது நீதிமன்றத்தில் மூன்று பணியாட்கள் நிறுத்தப்பட்டனர். ஹ்யூ க்வின் என்னும் எசமானரிடமிருந்து தப்பி, மேரிலாந்து சென்று பிடிபட்டவர்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பன்ச் என்னும் ஆப்பிரிக்கர். மூவருக்கும் 30 கசையடி. அதற்குமேல், ஐரோப்பியர் இருவருக்கும் 4 ஆண்டுகள் கூடுதல் ஊழியம். ஆப்பிரிக்கருக்கோ ஆயுள் முழுதும் ஊழியம். குற்றம் ஒன்றுதான், தண்டனை மட்டும் நிறம் பார்த்து அளக்கப்பட்டது. வர்ஜீனியாவில் ஒரு மனிதர் ஆயுளடிமை ஆக்கப்பட்டதற்கான தொன்மையான சான்று என்று வரலாற்றாசிரியர் பலர் சுட்டுவது இத்தீர்ப்பையே. இதன்பின் ஜான் ஏடுகளிலிருந்து மறைந்துபோகிறார்.

1660களில் அதே வர்ஜீனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில், சொந்த நிலத்தோடு இன்னொரு ஜான் பன்ச் தோன்றுகிறார். தமிழில் எழுதும்போது இவ்விரு பெயர்களுக்கும் வேறுபாடே தெரிவதில்லை. ஆங்கிலத்தில் முன்னவர் பெயர் 'படம்' என்பதன் பகரத்தோடும், பின்னவர் பெயர் 'பயம்' என்பதைப் பேச்சில் நாம் ஒலிக்கும் பகரத்தோடும் தொடங்குகின்றன. செவிவழி கேட்டதை எழுதிய அக்கால எழுத்தர் கையில் ஒன்று மற்றொன்றாவது அரிதன்று. (இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நமக்கு இதில் வியப்பு குறைவுதான்.) ஆயினும் ஒலியொற்றுமையை மட்டும் கொண்டு தந்தை மகன் உறவை நிறுவிவிட இயலாது.

ஏடுகளைப் புரட்டலாம் என்றால் அவையும் முழுமையாக இல்லை. பன்ச் குடும்பம் பின்னர் வாழ்ந்த நியூ கென்ட் கவுண்டியின் நீதிமன்றப் பதிவுகள் 1787இல் ஜான் பிரைஸ் போசி என்பவன் வைத்த தீயில் அழிந்தன. மறு ஆண்டு அவன் தூக்கிலிடப்பட்டான். பொது நீதிமன்றத்தின் மூல ஏடுகளில் பெரும்பகுதி, 1865இல் உள்நாட்டுப் போரின் முடிவில் ரிச்மண்ட் நகரம் எரிந்தபோது சாம்பலாயிற்று. 1640ஆம் ஆண்டுத் தீர்ப்பை நாம் படிக்க முடிவது, அதற்கு முன்பே படியெடுத்து வைத்தவர்களின் புண்ணியம்.

இவ்விடத்தில்தான் மரபணு வருகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிதும் மாறாமல் செல்வது. ஆங்கிலேயர் வழக்கில் குடும்பப்பெயரும் அவ்வாறே செல்வது. எனவே ஒரே குடும்பப்பெயர் தாங்கிய ஆண்களை ஒப்பிட்டு அவர்தம் ஆண்வழி மூலத்தைக் காணலாம். பன்ச் குடும்ப ஆண்வழியினர் சிலரிடம் இச்சோதனை செய்தபோது, தோற்றத்திலும் ஆவணத்திலும் வெள்ளையராகவே வாழ்ந்து வந்தோரிடம் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவுக்குரிய ஒய் வகை காணப்பட்டது.

2012 ஜூலையில் அன்செஸ்ட்ரி நிறுவனத்தின் வம்சாவளி ஆய்வாளர்கள், அதிபர் பராக் ஒபாமா 1640ஆம் ஆண்டின் ஜான் பன்ச்சின் வழித்தோன்றலாக இருக்கக்கூடும் என்று அறிவித்தனர். கென்யத் தந்தை வழியில் அன்று. கான்சாஸில் பிறந்த வெள்ளைத் தாயின் வழியில்! செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. நாம் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் சொன்ன கணக்கின்படி ஜான் 13 தலைமுறைக்கு முற்பட்டவர். அத்தலைமுறையில் ஒருவருக்கு 8,192 முன்னோர் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இது. தாய்வழி உறவாதலால் அந்த ஒய் குரோமோசோம் ஒபாமாவிடம் இருக்கவும் வாய்ப்பில்லை. சோதிக்கப்பட்டவை வேறு கிளையினரின் உடல்கள். மரபணு 'ஆப்பிரிக்கா' என்று சொல்லும். 'ஜான்' என்று சொல்லாது. 1649இல் வெளியான ஒரு சிறு நூல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 300 பேர் என்கிறது. அத்தனை சிறிய கூட்டத்தில் இத்தனை நெருங்கிய பெயர் என்பதே வாதத்தின் வலு. வலுவான ஊகம் என்று நாம் ஏற்கலாம். சான்று என்று ஏற்பதற்கில்லை.

நம்மை அதிகம் ஈர்ப்பது வேறொரு கேள்வி: ஆப்பிரிக்கர் ஒருவரின் வழியினர் எப்படி வெள்ளையர் ஆயினர்? 1662ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளை அடிமையா சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது. பன்ச்சுகள் சுதந்திரராக இருந்ததே, முதல் தாய் அடிமையல்லாத ஒரு பெண் என்று எண்ண வைக்கிறது. அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1705இல் இக்குடும்பத்து ஜான் ஒருவர், சாரா ஸ்லேடன் என்னும் வெள்ளைப் பெண்ணை மணக்க அனுமதி கோரி ஆட்சிக்குழுவிடம் மனுச் செய்கிறார். அவர் முலாட்டோ, அதாவது கலப்பினத்தார், என்று பாதிரியார் மணம் செய்துவைக்க மறுத்திருந்தார். நீக்ரோவுக்கான தடை முலாட்டோவுக்கும் பொருந்துமா என்று அரசு வழக்கறிஞரின் கருத்து கேட்கப்பட்டது. அவ்வாண்டே கூடிய சட்டசபை ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: முலாட்டோவை மணக்கும் வெள்ளையருக்கு 6 மாதச் சிறை, மணம் செய்துவைக்கும் பாதிரியாருக்கு 10,000 பவுண்டு புகையிலை அபராதம். ஆனால் அதே சட்டசபை வகுத்த மற்றொரு வரையறை, ஆப்பிரிக்கரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரையே முலாட்டோ என்றது. எள்ளுப்பேரனை அது தொடவில்லை. வெள்ளையரோடு தொடர்ந்து மணவுறவு கொண்ட கிளைகள் அந்த வாயிலின் வழியே அமைதியாக உள்ளே நுழைந்துவிட்டன.

இருநூறு ஆண்டுகள் கழித்து அவ்வாயில் அடைக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டு இனத்தூய்மைச் சட்டம், வெள்ளையரிடம் வேற்றினக் குருதியின் சாயலே இருத்தல் ஆகாது என்றது. அமெரிக்க இந்தியக் குருதி பதினாறில் ஒரு பங்குவரை மட்டும் பொறுத்துக்கொள்ளப்பட்டது. பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிவு செய்யும் வர்ஜீனிய அலுவலகத்தின் தலைவராக இருந்த வால்டர் பிளெக்கர், வெள்ளையருக்குள் கலந்துவிட்டவர்களைப் பழைய கவுண்டிப் பதிவுகளில் தோண்டியெடுப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். இன்றைய வம்சாவளி ஆய்வாளர் ஆவலோடு நாடும் அதே வரிப்பட்டியல்கள், அதே பிறப்புப் பதிவுகள். 1943 ஜனவரியில், எந்தெந்தக் கவுண்டியில் எந்தெந்தக் குடும்பப்பெயர்களை ஐயுற வேண்டும் என்று பட்டியலிட்டு அவர் உள்ளூர் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அப்பெயருடையவரின் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளியில் சேர்வதும், வெள்ளையரை மணப்பதும் அதனால் தடைப்படக்கூடும். மாநிலத்தின் தென்மேற்கு மூலைக் கவுண்டிகளுக்குரிய பெயர்களுள் பன்ச் என்பதும் இருந்தது. 'பயம்' என்பதன் பகரத்தோடு.