குளக்கட்டும் குளிர்காய்ச்சலும்: வன்னியின் மலேரியா வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் அமைந்துள்ள உடையார்கட்டு, தன் குளத்தினாலும் அக்குளத்து நீர் பாயும் வயல்களினாலும் அறியப்படும் ஊராகும். வன்னிப் பெருநிலத்தின் ஏனைய ஊர்களிற் போன்றே இங்கும் குளமே குடிவாழ்வுக்கு ஆதாரம். ஆயின், அம்மக்களை நெடுங்காலம் வாட்டிய குளிர்காய்ச்சலும் நீரை அண்டியே வந்தது. வன்னியின் வரலாறு என்றதும் பண்டாரவன்னியனும் போர்களுமே பெரிதும் நினைவுக்கு வருவன. அந்நிலத்தின் குடித்தொகையைத் தேயவைத்த இந்நோயும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே எனலாம்.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிசு குலிசிபேசீசு என்பதாகும். வெயில் படும் தெளிந்த நீர்த்தேக்கங்களே இதன் பிறப்பிடம். மாரி ஓய்ந்தபின் ஆற்றுப்படுகைகளிலும் ஓடைகளிலும் எஞ்சி நிற்கும் நீர்க்குட்டைகள் இதற்கு மிக வாய்ப்பானவை. எனவே வடகீழ்ப் பருவ மழையை நம்பி வாழ்ந்த வன்னியில் மழையும் விளைச்சலும் வந்த காலத்தை அடுத்தே காய்ச்சலும் வந்தது. அருவி வெட்ட ஆள் வேண்டிய வேளையில் உழைப்பாளி பாயிற் கிடந்தான். நோயினால் வறுமையும், வறுமையினால் நோயும் வளர்ந்தன.

மலேரியாவைப் பற்றிய அறிவு இப்பிராந்தியத்திலேயே விளைந்தது என்பது கருதத்தக்கது. நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்ட் ரொஸ் 1897 இல் கண்டறிந்தது தக்காணத்துச் செக்கந்தராபாத்திலாகும். குயினைன் மருந்துக்கு மூலமான சிங்கோனா மரம், 1860களிலிருந்து நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் பயிரிடப்பட்டது. 1880களில் இலங்கையின் சிங்கோனாப் பட்டை பெருமளவில் இலண்டன் சந்தைக்கு ஏற்றுமதியாயிற்று. மருந்து மரம் வளர்ந்த அதே தீவின் வடபால் வன்னி மக்கள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தனர். அறிவும் மருந்தும் ஒரு நாட்டில் இருப்பது வேறு, அவை அந்நாட்டு மக்கள் எல்லோரையும் சென்றடைவது வேறு என்பதை இது உணர்த்துகின்றது.

1934–35 இல் நிகழ்ந்த பெருங்கொள்ளைநோயை இங்கு ஒப்புநோக்குதல் தகும். மழை பொய்த்து மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் குட்டைகளாக வற்றவே, நோயெதிர்ப்பற்ற ஈரவலய, இடைவலய மக்களிடையே மலேரியா பரவியது. ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது, ஆணைக்குழுக்கள் ஆராய்ந்தன. வன்னியிலோ இத்தகைய அதிர்ச்சி தோன்றவில்லை. அங்கு வளர்ந்தோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர் என்பது உண்மையே. எனினும் அவ்வாற்றலுக்குரிய விலையைக் குழந்தைகளின் இறப்பும் வீங்கிய மண்ணீரல்களும் செலுத்தின. திடீரென வந்த சாவு வரலாறாயிற்று, ஆண்டுதோறும் வந்த சாவு வழக்கமாயிற்று. சுகாதார ஏற்றத்தாழ்வின் இயல்பு இதுவேயாகும்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியது. 1946 இல் ஆயிரவருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதும் தெளிப்பினால் விளைந்ததா, உணவும் மருத்துவ வசதியும் எவ்வளவு பங்கு கொண்டன என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டியதெனக் கருதித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. விளைவு, 1967–69 காலத்தில் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. நுளம்பும் டி.டி.ரிக்கு எதிர்ப்பாற்றல் பெற்றமையால் 1977 இல் மலத்தியனை நாட வேண்டியதாயிற்று.

பின்னர் வந்த போர்க்காலம் வடக்கையும் கிழக்கையும் இந்நோயின் முதன்மைக் களமாக்கியது. 1999 இல் நாட்டில் ஏறக்குறைய 264,000 நோயாளர் பதிவாயினர். இக்காலத்தில் மலேரியாத் தடை இயக்கம், சர்வோதயம் போன்ற அரச சார்பற்ற நிறுவனங்கள், உலக நிதியத்தின் உதவி, களப்பணியாளர் ஆகியோரின் கூட்டு முயற்சி குறிப்பிடத்தக்கது. நடமாடும் சிகிச்சை நிலையங்கள் இயங்கின. குருதிப் பூச்சுச் சோதனைகள் நடந்தன. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. ஆய்வின் முடிவு ஊரின் வீட்டு வாசல்வரை சென்றமையாலேயே அது பயன் தந்தது. 2009 தை மாதத்தில் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்ட பகுதியினுள் உடையார்கட்டும் அடங்கியது. அவ்வூரவர் அனைத்தையும் இழந்து இடம்பெயர்ந்து, முகாம் வாழ்வின் பின்னரே மீள முடிந்தது. இத்தகைய அழிவுகளுக்கு இடையிலும் மலேரியா மீண்டெழாது தடுக்கப்பட்டமை வியப்புக்குரியது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஐப்பசியளவில் பதிவானதன் பின், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

எனினும் நுளம்புக்கு எல்லைக்கோடு இல்லை. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டீபன்சி என்னும் இனம் மன்னாரிற் காணப்பட்டமை 2017 இல் அறிவிக்கப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் இவ்வினம், ஓடைக் குட்டைகளை மட்டும் கண்காணித்த பழைய முறைகளுக்கு அறைகூவலாகும். 2018 இறுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் நோய் உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றியது. ஆகவே பாக்கு நீரிணையின் இருமருங்கிலும் உள்ள ஆய்வாளர் தத்தம் அறிவைப் பகிர்ந்துகொள்ளாது இக்காவலை நிலைநிறுத்துதல் அரிது.

வன்னியின் வயற்புறங்களை இன்று அச்சுறுத்தும் காரணம் துணியப்படாத சிறுநீரக நோய்க்கும் இது பொருந்தும். நீரோடும் உழைப்போடும் பிணைந்த அந்நோயும் ஏழை உழவரையே முதலிற் பற்றுகின்றது. 1963 இன் வெற்றி ஐந்தாண்டுக்குள் தோல்வியாகியதை மறவாத சமுதாயமே 2016 இன் வெற்றியைக் காத்துக்கொள்ளும். குளக்கட்டு ஓரிடத்தில் உடையினும் ஊர் முழுவதும் வெள்ளம் புகும். நோய்க்காவலும் அத்தன்மையதே.