மூச்சுச் சிறுகுழல் அழற்சி

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை, அதிலும் விசேஷமாக மூன்று முதல் ஆறு மாதச் சிசுக்களைப் பீடிக்கும் சுவாச ரோகம் இது; டாக்டர்கள் இதனைப் பிராங்கியோலைட்டிஸ் என்பர். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸே காரணமாயினும், ரைனோ வைரஸ் முதலிய வேறு சிலவும் இதை உண்டாக்குவதுண்டு.

சாதாரண ஜலதோஷமாகத் தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் நெஞ்சில் இறங்கும் இந்நோயில், நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள நுண்ணிய குழல்களின் உட்சுவர் வீங்கி, உதிர்ந்த உயிரணுக்களும் கோழையும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடுவதால், உட்சென்ற காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ள, குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் பாடுபடுகிறது. பெரியவர்களுக்கு வெறும் சளியோடு போய்விடும் அதே வைரஸ் சிசுவை இவ்வளவு வருத்துவதற்குப் பௌதிக விதி ஒன்றே பெரும்பாலும் விளக்கமாகும்: குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால், காற்றோட்டத்துக்கு ஏற்படும் தடை 2 மடங்கன்று, 16 மடங்கு பெருகுகிறது.

இருமல், இழுப்பு, விலா இடுக்குகள் உள்வாங்குதல், பால் குடிக்க மாட்டாமை ஆகியவை இதன் லட்சணங்கள். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை உக்கிரமாயிருந்து பிறகு தணியும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை நீடிக்கலாம். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், பிறவியிலேயே இருதயக் கோளாறு உடையவர்களுக்கும் அபாயம் மிகுதி. மிகச் சிறிய சிசுக்களுக்கு மூச்சு இடையிடையே நின்றுபோவதும் உண்டு.

ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்வதில்லை. ஆஸ்துமாவுக்குக் கைகொடுக்கும் மருந்துகளும் ஸ்டீராய்டுகளும் இங்கே பிரயோஜனப்படவில்லை என்பது ஆராய்ச்சிகளால் தெளிவாகியிருக்கிறது. மூக்கடைப்பை நீக்கி, சிறிது சிறிதாகப் பாலூட்டி, தேவையானால் பிராணவாயு கொடுத்துக் காப்பதே சிகிச்சை. மருந்துச் சீட்டு எழுதாமல் அனுப்பும் டாக்டரைக் கையாலாகாதவர் என்று கருதும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இந்நோயைப் பொறுத்தவரை அவரே சாஸ்திரம் அறிந்தவர்.

ஆர்.எஸ்.வி. முதன்முதலில் 1956இல் அமெரிக்காவில், ஜலதோஷம் கண்ட சிம்பன்ஸிகளிடம் அகப்பட்டது. மறு ஆண்டே ராபர்ட் சானக் என்பார் பால்டிமோர் குழந்தைகளிடம் அதனைக் கண்டறிந்தார். 1966இல், பார்மலினால் செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தயாரித்த தடுப்பூசியைச் சோதித்தபோது, நேர்ந்தது விபரீதம்: ஊசி பெற்ற சிசுக்களுக்குப் பின்னர் வைரஸ் தொற்றியபோது, ஊசி பெறாதவர்களைக் காட்டிலும் நோய் கடுமையாகி, இருவர் மாண்டனர். அந்த அச்சத்தால் பல்லாண்டுகள் தடைப்பட்ட முயற்சி, வைரஸின் மேற்புரதம் உயிரணுவோடு இணையுமுன் கொள்ளும் வடிவம் 2013இல் புலப்பட்ட பின்னரே மீண்டும் வேகம் பெற்றது. கர்ப்பிணிக்குப் போட்டு அவள் வழியே சிசுவைக் காக்கும் தடுப்பூசிக்கும், சிசுவுக்கே நேரே செலுத்தும் நிர்செவிமாப் என்னும் எதிர்ப்பொருள் ஊசிக்கும் 2023இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.