சாந்திவனம் கற்பிக்கும் பாடம்

யூபிலி ஆண்டில் பங்கின் பழைய ஏடுகளைப் புரட்டி மகிழ்வது நம் வழக்கம். அத்துடன் இன்று நம் இல்லங்களில் எழும் ஒரு கேள்வியையும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். "தியானம் செய்கிறோம், மனம் அமைதி பெறுகிறது, பூசையும் விசுவாசப் பிரமாணமும் எதற்கு?" என்று நம் பிள்ளைகளே கேட்கின்றனர். குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரையிலுள்ள சாந்திவனத்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1939-ல் பிரான்சிலிருந்து வந்த மோன்ஷனேன் அடிகளார் திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் ஏழைகளிடையே உழைத்தார். 1948-ல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி லெ சோ அடிகளார் வந்து சேர்ந்தார். இருவரும் காவியுடை தரித்து, 1950-ல் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சத்து, சித்து, ஆனந்தம் என்னும் பழஞ்சொற்களால் தமதிரித்துவத்தையே வணங்கினர்.

பாதை எளிதாயிருக்கவில்லை. அத்துவைதத்தையும் தமதிரித்துவத்தையும் அவசரப்பட்டு இணைத்தலாகாது என்று மோன்ஷனேன் எச்சரித்தார், 1957-ல் மறைந்தார். அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெ சோ, இரமண மகரிஷியைத் தரிசித்து, திருவண்ணாமலைக் குகைகளில் மௌனம் காத்தவர். தம் உள்ளத்துப் போராட்டத்தை நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதினார். ஆயினும் 1973-ல் இறக்கும்வரை குருத்துவத்தைத் துறக்கவில்லை.

1968-ல் பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் அடிகளாரைத் தேடிப் பல நாட்டவர் வந்தனர். கத்தோலிக்கருள் சிலர் அவரைக் கடுமையாகக் கண்டித்ததும் உண்டு. 1993-ல் அவர் அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

பிற சமயங்களிலுள்ள உண்மையும் புனிதமும் புறக்கணிக்கத் தக்கவையல்ல என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. 1989-ல் உரோமை வெளியிட்ட மடலோ, பிற சமயத் தியான முறைகளில் நல்லவற்றைக் கைக்கொள்ளலாம் என்றது. ஆனால் செபம் இறைவனோடு பேசும் உறவு, வெறும் மன அமைதியே தூய ஆவியின் கொடையாகிவிடாது என்றும் தெளிவுறுத்தியது.

அந்த அடிகளார்கள் மௌனத்தைத் தேடிச் சென்றபோது பலிபீடத்தை விட்டுச் செல்லவில்லை. இதை நம் பிள்ளைகளுக்கு அன்போடு எடுத்துரைப்போம். கூடவே நம்மையும் கேட்டுக்கொள்வோம்: ஒலிபெருக்கி ஓய்ந்து, ஐந்து நிமிடமாவது மௌனமாக இறைவன்முன் அமர நம் கோயிலில் இடமுண்டா? அமைதியைத் தேடி அவர்கள் வெளியே போனதில் நமக்கும் பங்குண்டு அல்லவா?

கொடியும் தேரும் தோரணமும் யூபிலிக்கு அழகு. நற்கருணை நாதர்முன் ஒரு மணி நேர மௌனமும் இந்த யூபிலியின் நினைவாக நம் பங்கில் நிலைக்கட்டும்.