வாய் நாற்றம்: கூச்சத்தை விற்ற ஒரு பாட்டிலின் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது வாய் நாற்றத்தோட வரலாறு. சிரிக்காதீங்க. பேசும்போது கையால வாயை மறைச்சுக்கிறவங்க நம்ம நடுவுல நிறைய பேர் இருக்காங்க. அந்தப் பயத்தை வெச்சு ஒரு கம்பெனி எப்படிப் பெரிய வியாபாரம் பண்ணுச்சுன்னு சொல்றேன்.

1879. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம். ஜோசப் லாரன்ஸ் என்ற மருத்துவர் ஒரு கிருமிநாசினியை உருவாக்குகிறார். அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஆங்கிலேயர் ஜோசப் லிஸ்டரின் நினைவாக அதற்கு வைத்த பெயர் லிஸ்டரின். ஆரம்பத்துல அது வாய்க்கான மருந்தே இல்ல, காயம் கழுவத்தான். 1895-இல் பல் மருத்துவர்களிடம் போனது. 1914-இல் மருந்துச் சீட்டு இல்லாமலே கடைகளில் விற்பனைக்கு வந்தது.

1920-களில் கம்பெனியை நடத்திய ஜெரார்ட் லாம்பர்ட் ஒரு மருத்துவச் சொல்லைக் கையில் எடுத்தார்: ஹாலிடோசிஸ். 'வாய் நாறுது'ன்னு பத்திரிகையில போட்டா முகம் சுளிப்பாங்க. ஹாலிடோசிஸ்னு போட்டா அது ஏதோ நோய் மாதிரி கௌரவமா இருக்கு.

அந்த விளம்பரங்களில் ஒன்றில் எட்னா என்றொரு பெண் வருகிறாள். வயது முப்பதை நெருங்குகிறது. தோழிகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டது, அவளுக்கு மட்டும் ஆகவில்லை. காரணம் வாய் நாற்றம். அது அவளுக்கே தெரியாது. நெருங்கிய தோழிகூடச் சொல்ல மாட்டாள். எனக்கு இதுதான் பயங்கரமான இடமாத் தெரியுது. தனக்கும் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டாங்கன்னா, 'எனக்கு இல்லை'ன்னு யாரால உறுதியா சொல்ல முடியும்? பத்திரிகை படிக்கிற அத்தனை பேரும் வாடிக்கையாளர்தான்.

நாற்றத்தின் வேதியியல் தெளிவாகப் புரிய இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. 1960, 70-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டான்செடிச் செய்த ஆய்வுகள் கந்தக வாயுக்களைச் சுட்டிக்காட்டின. நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்குகளிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கும்போது இவை வெளிவருகின்றன. அதில் ஒன்றான ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை வாசனை. தூக்கத்துல எச்சில் குறையுது, அதான் காலையில அதிகமா அடிக்குது.

அதனால மவுத்வாஷ் மட்டும் போதாது. அது கொஞ்ச நேரம் மறைக்கும், ஈறு நோயைக் குணப்படுத்தாது. நாக்கை வழிங்க. அது ஒண்ணும் புதுசு இல்ல, சரக சம்ஹிதையே சொல்ற பழக்கம்தான். பல் இடுக்கைச் சுத்தம் பண்ணுங்க, தண்ணி குடிங்க. அப்படியும் வாரக்கணக்கில் போகலைன்னா முதலில் பல் மருத்துவரைப் பாருங்க. வாயில் பிரச்சினை இல்லைன்னு அவர் சொன்னா, டான்சில், சைனஸ் பார்க்க காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகலாம்.

இன்னொரு விஷயம். நாற்றமே இல்லாமல், இருப்பதாக நம்பி ஆட்களைத் தவிர்த்து வாழ்பவர்களும் உண்டு. அதுவும் உண்மையான துன்பம், அதுக்கும் உதவி இருக்கு. அதனால நீங்களே மூச்சை ஊதிப் பார்த்துத் தவிக்காம, நம்புற ஒருத்தர்கிட்ட நேராக் கேட்டுடுங்க. உங்ககிட்ட யாராவது கேட்டா, தனியாக் கூப்பிட்டு, கிண்டல் பண்ணாம உண்மையைச் சொல்லுங்க. அந்த விளம்பரம் பிழைச்சதே தோழி வாய் திறக்க மாட்டாங்கிற நம்பிக்கையிலதான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.